பாழுங்கிணற்றிடம் கேட்ட கேள்விகள்

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அது அபாண்டம். நான் முன்ஜாக்கிரதைக்காரன். பயந்தாங்கொள்ளி பேயைப் பார்த்த பிறகு ஓடுவான். நான் பேய் வருவதற்கு முன்பே ஓடவேண்டிய வழியைப் பார்த்து வைத்திருப்பேன். இந்தக் குணம் ஒருநாள் என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ஜப்பானிய அனிமே தொடர். (பெயரைச் சொல்ல மாட்டேன். நீங்களும் பார்த்துக் கெட்டுப்போக வேண்டாம்.) வண்ணார்பேட்டையில் மருந்துக்கடை வேலை முடிந்து அறைக்கு வந்தால், போனில் அதுதான் ஓடும். மந்திர உலகத்தைக் காப்பாற்ற அனுப்பப்பட்ட ஒரு வீரன். மற்ற வீரர்கள் வாளை உருவிக்கொண்டு பாய்வார்கள். இவன் பாலத்தைத் தடியால் தட்டிப் பார்க்காமல் கால் வைக்க மாட்டான். ஒரு காட்சியில், காட்டுக்குள்ளிருந்து தோழனின் குரல் உதவி கேட்கும். எல்லாரும் ஓடுவார்கள். இவன் மட்டும் நின்ற இடத்தில் நின்று கேள்வி கேட்பான். ஓடியவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அவன்தான் எனக்குக் குரு.

அந்தச் சமயத்தில்தான் கல்லிடைக்குறிச்சியில் எனக்குப் பெண் அமைந்தது. கோமதி. பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது இந்தக் கல்யாணம் நடந்துவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தேன். பெண் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பத்திரிகை அடித்ததும் முதல் பத்திரிகையை அவர்கள் குலதெய்வமான சாஸ்தாவின் காலடியில் மாப்பிள்ளை தன் கையால் வைக்க வேண்டும். அதுவும் உச்சி வேளையில், தனியாக.

"நான் வெதநெல்லு வாங்க அம்பாசமுத்திரம் போறேன் வே. நீரு போயி வச்சிட்டு வாரும். ஒண்ணும் பயமில்ல" என்று மாமனார் காலையில் போனில் சொன்னார். (பயமில்லை என்று ஒருவர் தானாகச் சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். குரு சொல்லித் தந்தது.)

தயாரானேன். ஹெல்மெட், எலுமிச்சம்பழம், கல்லுப்புப் பொட்டலம், இரும்பு ஆணி, கடையிலிருந்து கட்டுத்துணி, கிருமிநாசினி. பையைத் தூக்கியபோது தோள் ஒரு பக்கமாக இறங்கியது.

கோயில் ஊரைத் தாண்டி, கால்வாய்க் கரையோடு போய், வயல்களுக்கு நடுவே இருந்தது. கோயில் என்றால் சுவரும் கூரையும் கிடையாது. ஒரு மருத மரத்தடியில் சாஸ்தா. சற்றுத் தள்ளி இசக்கியம்மன். அவள் முன்னால் பிள்ளை வரம் கேட்டவர்கள் வைத்த மண்பொம்மைகள், வெயிலிலும் மழையிலும் முகம் அழிந்து, வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. கண்ணே இல்லாத பொம்மை எப்படிப் பார்க்கும் என்று கேட்காதீர்கள். பார்த்தன.

காற்று இல்லை. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. மேற்கே மலை அசையாமல் நின்றது. கால்வாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, ஆனால் அதன் சத்தம் என் காதுக்கு வரவில்லை. சாஸ்தாவின் காலடியில் பத்திரிகையை வைத்துக் கும்பிட்டேன். நிமிர்ந்தபோது, யாரோ கூப்பிட்டார்கள்.

"மாப்ளே..."

குரல் தரைக்கு அடியிலிருந்து வந்தது.

உச்சி வேளையில் யாராவது கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் திரும்ப வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். மனிதன்தான் மூன்று தரம் கூப்பிடுவான்; மற்றது கூப்பிடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மாப்ளே..."

பிறகு ஒன்றுமில்லை. நெடுநேரம் நின்றேன். மூன்றாவது குரல் வரவே இல்லை. ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. முட்புதருக்குப் பின்னால் ஒரு பாழுங்கிணறு இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். சாமிக்குப் போட்டு வாடிப்போன மாலைகளைக் கொட்டுகிற கிணறு. அதற்குள் ஏதோ சரசரவென்று புரண்டது.

ஓடியிருக்கலாம். ஆனால் குரு ஓடமாட்டானே. தள்ளி நின்று கேட்டேன்: "யாரு?"

"நாந்தான் வே, ஒம்ம மாமன். கெணத்துல விழுந்துட்டேன். கை குடும்."

அச்சு அசல் மாமனார் குரல். அம்பாசமுத்திரத்தில் இருக்கிற மாமனாரின் குரல்.

"மாமாதான்னா சொல்லுங்க. நிச்சயதார்த்தத்துக்கு எனக்கு எந்த வெரல்ல மோதிரம் போட்டீங்க?"

கிணறு சற்று யோசித்தது. "மோதிரம் போடவே இல்லையே வே. கல்யாணத்துக்குப் போடுதோம்னுல்லா பேச்சு."

பொறி வைத்துக் கேட்ட கேள்வி. மாட்டவில்லை. இவ்வளவு சுத்தமாகத் தப்பிக்கிறதென்றால் சாதாரணப் பேய் இல்லை என்று முடிவு கட்டினேன்.

"வெதநெல்லு வாங்கப் போன ஆளு இங்கன என்ன செய்யுதீங்க?"

"கட அடைச்சிருந்துச்சு. நீரு வருவீரேன்னு எடத்தத் தூத்துப் பெருக்கி வைக்க வந்தேன். பழைய மாலையக் கொட்டும்போது கர சரிஞ்சிட்டு. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்ட வறண்டு போச்சு. தண்ணி இருந்தாத் தாரும்."

தண்ணீர் கேட்கிறது. பேய்க்குத்தான் தீராத தாகம் என்பார்கள். அதற்குமேல் எனக்குச் சந்தேகமே இல்லை. உப்புப் பொட்டலத்தைப் பிரித்துக் கிணற்றுக்குள் கொட்டினேன். எலுமிச்சம்பழத்தை வீசினேன். கிருமிநாசினியையும் ஊற்றினேன். உள்ளேயிருந்து ஓர் அலறல் கிளம்பியது. பையைப் போட்டுவிட்டு வரப்போடு ஓடினேன். (இதுவரை ஓடியதில்லை என்று நான் எங்கும் சொல்லவில்லை.)

ஊர் எல்லையில் பூசாரி வீட்டில் போய் விழுந்து, மாமா குரலில் பேசுகிற கிணற்றைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாமா கொரல்ல பேசுனா மாமாவாத்தாம்லே இருக்கும்" என்று ஏணியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

ஏணி இறங்கியதும் முதலில் ஒரு கை மேலே வந்தது. பிறகு தலை. தலைமுடியில் காய்ந்த செவ்வந்தி, மீசையில் உப்பு, சிவந்த கண். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை நான் கற்பனை செய்த எந்தப் பேயும் அவ்வளவு பயங்கரமாக இல்லை. வாடிய மாலைகள் மெத்தையாகக் கிடந்ததால் கணுக்கால் சுளுக்கோடு தப்பித்திருந்தார். கட்டுத்துணியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பூசாரியின் தோளைப் பிடித்துக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்.

எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். அறைக்கு வந்து அழுதேன். சாயங்காலம் கோமதியிடமிருந்து போன் வந்தது.

"அப்பா கல்யாணம் வேண்டாம்ங்காக. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். கெணத்துல நான் விழுந்திருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "அப்பவும் கேள்வி கேட்டுருப்பேன்" என்றேன்.



"அந்தக் கேள்விய இப்பவே சொல்லிருங்க. பதிலப் படிச்சு வச்சிக்கிடுதேன்."

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, கேசரியக் குடுத்ததும் நான் என்ன செஞ்சேன்?"

"மோந்து பாத்தீங்க" என்றாள். அப்பாவை அவளே பேசிச் சம்மதிக்க வைத்தாள்.

இன்றுவரை எங்கள் வீட்டில் அதுதான் நடைமுறை. அடுத்த அறையிலிருந்து அவள் கூப்பிட்டால் நான் "கேசரி?" என்பேன். "மோந்தாச்சு" என்பாள். மாமனார் போன் செய்தாலும் வணக்கத்துக்குப் பதில் "மோந்தாச்சு வே" என்றுதான் ஆரம்பிப்பார். கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் கேசரித் தட்டை மூக்குக்கு நேரே நீட்டுகிறவர்கள் உண்டு.

போன ஆடி மாதம் ஒரு மத்தியானம். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். புறவாசலிலிருந்து கோமதி கூப்பிட்டாள். "ஏங்க, இங்கன கொஞ்சம் வாங்க."

"கேசரி?" என்றேன்.

பதில் இல்லை.

"ஏங்க..."

எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தேன். "கேசரி?"

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவது கேட்டது. அதே நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. காய்கறிப் பையோடு இறங்கி உள்ளே வந்த கோமதி, "யார்ட்ட கேசரி கேக்கீங்க?" என்றாள்.

தாழ்ப்பாளை இன்னும் இறுக்கினேன். மறுநாள் ஆளை வரவழைத்துப் புறவாசல் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டேன். அதையும் சேர்த்துச் சொல்லித்தான் மாமனார் இப்போது சிரித்துக்கொண்டிருக்கிறார்.