எங்கள் சங்கத்துக் கழிவறைக்கு மூன்றாவது பலகை

ராஜா அண்ணாமலைபுரம்,
மே 19.

பாசமுள்ள டெல்பின் அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். தம்பி ஃபிரெட்ரிக் எழுதுவது. இங்கே நான் சுகம், உன் தம்பி பெண்டாட்டி ஐவி சுகம், ஐவியின் வலது முழங்கால் மட்டும் பாதி சுகம். தூத்துக்குடியில் நீயும் அத்தானும் அத்தானின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க, தினமும் ஜெபமாலையில் உங்களுக்காகத் தனியாக ஒரு மணி உருட்டுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். இது நடுவில் யாரும் பேசாமல் சொல்ல வேண்டிய விஷயம்.

இங்கே மூத்த குடிமக்கள் சங்கத்துக்கு நான் செயலாளர். முப்பத்துநாலு வருஷம் பள்ளியில் தமிழ் இலக்கணம் நடத்தியவன் மினிட்ஸ் எழுதத்தான் லாயக்கு என்று பிடித்துப் போட்டுவிட்டார்கள். சங்கத்துக்கு வாரம் மூன்று நாள் கயல் என்ற பெண் பிசியோதெரபி செய்ய வருகிறாள். பெசன்ட் நகர் கடற்கரையோரம் ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பெண். திருநங்கை. முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவள். இருபத்தோரு உறுப்பினர், நாற்பத்திரண்டு முழங்கால், எல்லாம் அவள் சொன்னபடி கேட்கும். போன வருஷம் சக்கர நாற்காலியில் வந்த ஒரு மனிதர் இப்போது லஸ் கடைத்தெரு வரை நடந்து போய்க் காபிப்பொடி வாங்கி வருகிறார்.

மார்ச் மாதம் புகார்ப் பெட்டியில் ஒரு மொட்டைக் கடிதம் விழுந்தது. கயல் பெண்கள் கழிவறைக்குப் போவது சரியில்லையாம். தலைவர் சுப்பராமன் என்னைத் தனியே அழைத்தார். “ஓய், நீர் தமிழ் வாத்தியார். நாசூக்கா சொல்லிடும். கமிட்டி கூடற வரைக்கும் லேடீஸும் வேண்டாம், ஜென்ட்ஸும் வேண்டாம்.” நானும் போய்ச் சொன்னேன் அக்கா. எவ்வளவு நாசூக்கு என்றால், ஐந்து நிமிஷம் வரை நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் “சரி சார்” என்றாள். அவ்வளவுதான். காரியம் கச்சிதமாக முடிந்தது என்று வீட்டுக்கு வந்தேன். ஐவியிடம் மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்போதே என்னை நானே கேட்டிருக்க வேண்டும்.

கமிட்டி கூடவில்லை. ஒருவருக்குக் கண் ஆபரேஷன், ஒருவருக்கு அமெரிக்காவில் பேத்தி. ஏப்ரல் வெயில் வந்துவிட்டது. ஒருநாள் சங்கத்தில் ஐவியின் காலைப் பிடித்து மடக்கிக்கொண்டிருந்த கயல், காலை விடாமலே மயங்கிச் சரிந்தாள். ஐவி போட்ட கூச்சலில், விழுந்தது ஐவிதான் என்று எல்லோரும் அவளுக்குத் தண்ணீர் தெளித்தார்கள். டாக்டர் பார்த்தார். சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், உடம்பில் தண்ணீரே இல்லை. வீட்டுக்குக் கூட்டி வந்து படுக்க வைத்து ஐவி விசாரித்தாள்.

“ஆறு மணிக்குக் கிளம்புறேன் ஆன்ட்டி, திரும்ப ரெண்டு மணி ஆயிடுது. அதான் முந்தின நாளே தண்ணிய நிறுத்திடுவேன்.”

“போகக் கூடாதுன்னு யாரு சொன்னது?”

“கமிட்டில.”

“கமிட்டிக்கு வாய் ஏது? எந்த வாய் சொல்லுச்சு?”

கயல் என் பக்கம் திரும்பவே இல்லை. கட்டில் விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. “நான்தான்” என்றேன். ஐவி நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினாள். அந்த நாலு நாளே தேவலை என்று ஆகிவிட்டது.

மன்னிப்புக் கேட்கக் குப்பத்துக்குப் போனேன். சந்து தவறி, வலை உலர்த்திய இடத்தில் கால் சிக்கி, ஒரு செருப்பைப் பறிகொடுத்துப் போய்ச் சேர்ந்தேன். கயலின் அம்மா மீன் விற்கிறவர். கேள்வி கேட்காமல் டீ கொடுத்தார். பதற்றத்தில் இரண்டு டீ குடித்தேன். எனக்கும் சர்க்கரை, தெரியுமே. மன்னிப்பு என்ற சொல்லின் முதல் எழுத்துக்கு வருவதற்குள் அவசரம் தாங்கவில்லை. நெளிந்தேன். அந்த அம்மா கண்டுபிடித்துவிட்டார்.

“இதுக்கு இன்னா சார் வெக்கம்? தோ கீது, போ. வாளில தண்ணி கீது.”

யாரைப் போகாதே என்று சொன்னேனோ அவள் வீட்டுக் கழிவறைக்குள் நின்று அழுதேன் அக்கா. வெளியே வந்து கேட்டேன், மன்னிப்பு. கயல் தன் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினாள். திருநங்கையரை வேலையிலும் பொது வசதிகளிலும் ஒதுக்கக் கூடாது என்று 2019-ல் வந்த சட்டம். “அப்பவும் இது பைலதான் சார் இருந்துச்சு. எடுத்துக் காட்டுனா அடுத்த வாரம் வர வேணாம்னு சொல்லிருவீங்களோன்னு பயம்.”

போன ஞாயிறு பொதுக்குழுவைக் கூட்டினேன். கயலும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தட்டுமுட்டுச் சாமான் கிடக்கும் மூன்றாவது கழிவறையைச் சுத்தம் செய்து அனைவருக்கும் திறப்பது, சங்க விதியில் பாகுபாட்டுக்குத் தடை சேர்ப்பது, இதுதான் தீர்மானம். நாலு பக்கம் பேச்சு எழுதி வைத்திருந்தேன். ஃபேன் காற்றில் இரண்டு பக்கம் பறந்து போக, முதல் பக்கத்திலிருந்து நேராக நன்றியுரைக்குப் போய்விட்டேன். ஒரே சிரிப்பு. தோற்றோம் என்று உட்கார்ந்தபோது தேவானை அம்மாள் எழுந்தார். பழைய மில் தொழிலாளி, எண்பது தாண்டியவர்.

“அந்த லெட்டர் எய்தினது நாந்தான்.”

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவரே தொடர்ந்தார்.

“மில்லுல இருவது வர்சம். எங்க செக்சன்ல பொம்பளைக்கு பாத்ரூமே கெடியாது. அடக்கிக்கினு கெடந்து கெடந்து இன்னிக்கும் அடிவவுத்துல நோவு கீது. அந்த நோவு தெரிஞ்ச நானே இந்தப் பொண்ணுக்கு அதையே பண்ணிட்டேன்.” கைத்தடியை ஊன்றிக் கடைசி வரிசை வரை நடந்தார். கயல் எழுவதற்குள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த நடையைக் கற்றுக் கொடுத்தவளே கயல்தான்.

அடுத்து விதி. ‘எப்பாலினராயினும், யாரை விரும்புகிறவராயினும்’ என்று எழுதியிருந்தேன். சுப்பராமன் கண்ணாடியை ஏற்றினார். “பாலினம் சரி. யாரை விரும்பினா என்னங்கறது எதுக்கு ஓய்? இங்க எல்லாருக்கும் எழுபது. நம்மளை விரும்பறதுக்கு யாரு இருக்கா?”

பத்து வருஷமாகக் கூட்டத்தில் வாய் திறக்காத ராகவேந்திரன் கையை உயர்த்தினார். பக்கத்தில் எப்போதும்போல நிரஞ்சன். ரூம்மேட் என்றுதான் நாங்கள் சொல்வது.

“நானும் நிரஞ்சனும் முப்பத்தெட்டு வருஷமா ஒரே ஆத்துல இருக்கோம். அந்த வரி இருக்கட்டும்.”

அக்கா, அந்த நிமிஷத்தை எழுத எனக்குத் தெரிந்த இலக்கணம் போதவில்லை. நிரஞ்சன் தலை குனிந்திருந்தார், காது மட்டும் சிவந்திருந்தது. சுப்பராமன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். “முப்பத்தெட்டு வருஷமா நானும் ஒம்ம தெருவுலதான் இருக்கேன்” என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு என்னிடம், “எழுதும் ஓய். ஏகமனதா.” எழுதினேன். மினிட்ஸில் என் வாழ்நாளின் முதல் சந்திப்பிழை விழுந்தது. திருத்தவில்லை.

நாளை பெயிண்டர் வடிவேலு வருகிறான். ஆண்கள், பெண்கள், அனைவருக்கும் என்று மூன்று கதவுக்கும் புதிதாக எழுதப் போகிறோம். எழுத்து அளவு கூட நானே குறித்துக் கொடுத்துவிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. பனிமய மாதா உங்கள் வாசலில் காவல் நிற்பாளாக.

உன் தம்பி,
ஃபிரெட்ரிக்

பி.கு.: இந்தக் கடிதம் தபாலில் சேராமல் ஒரு வாரம் என் பையிலேயே இருந்துவிட்டது. இன்று காலைதான் பார்த்தேன், வடிவேலு மூன்று கதவிலும் ‘அனைவருக்கும்’ என்றே எழுதியிருக்கிறான். கேட்டால், “நீதான சார் சொன்ன, இனிமே இங்க பாகுபாடே கெடியாதுன்னு?” என்கிறான். இந்த ஒரு வாரமாக சுப்பராமன், தேவானை அம்மாள், ஐவி உட்பட அத்தனை பேரும் எது காலியோ அதில் போய் வந்திருக்கிறார்கள். ஒருவரும் கவனிக்கவில்லை. நான் சொல்லப் போவதில்லை. நீயும் சொல்லாதே.