சிலிண்டருக்குக் கொசுறு

“பொம்பளைக்கு எதுக்கு மதினி மோட்டாரு?” என்று வெள்ளைத்துரை ஒருநாள் மாயக்காளிடம் கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. இப்போது அந்த மோட்டாரே பதில் சொல்லிக்கொண்டிருந்தது, பின்பக்கக் குழாய் வழியாக.

நீலப் புகை மாயக்காளின் மாட்டுத் தொழுவத்தை விட்டுக் கிளம்பி, தெருவைக் கடந்து, எதிரே வெற்றிலைக் கமிஷன் கடையில் உட்கார்ந்திருந்த வெள்ளைத்துரையின் மூக்குக்கு வந்து சேர்ந்தது. கடைக்கு வந்தவர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வெள்ளைத்துரை மட்டும் சாம்பிராணி போட்டதுபோல் கண்ணை மூடி முகர்ந்தார்.

காரணம் இருந்தது. மாயக்காள் அவருடைய செத்துப்போன அண்ணனின் பெண்சாதி. சோழவந்தான் பக்கத்தில் அண்ணன் விட்டுப்போன வெற்றிலைக் கொடிக்கால், ஊரிலேயே நல்ல கொடிக்கால், அவள் கையில் இருந்தது. ஊர் வெற்றிலை முழுக்க வெள்ளைத்துரை கடைக்கு வந்துதான் மதுரைக்குப் போகும். அவர் வைத்ததுதான் விலை. இந்த வருஷம் மாயக்காள், “எங்க வெத்தலையை நானே மதுரையில கொண்டு போய் வித்துக்கிடுறேன்” என்றாள். வெள்ளைத்துரை சண்டை போடவில்லை. அவள் கூடையை ஏற்றுகிற வண்டிக்காரன் இனி தம் கடை வாசலை மிதிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் ஊரில் ஒரு வண்டியும் அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

அதனால்தான் மோட்டார். மதுரையில் ஒரு வக்கீல் ஓட்டித் தீர்த்த பழைய கார். பின் சீட்டைக் கழற்றிவிட்டால் கூடை அடுக்க இடம். ஓட்டுவதற்கு அவளுடைய சித்தி மகன் சோணைமுத்து வந்தான். ஒரு வாரம் ஓடியது. பிறகு இந்தப் புகை.

வெள்ளைத்துரை நேரே ஊர்ப் பெரியவர் முத்திருளனிடம் போய், “எங்கண்ணன் சொத்து என் கண்ணு முன்னாடி பொகையாப் போகுது” என்று கண்ணைத் துடைத்தார். முத்திருளன் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: “ஆடி பொறக்குறதுக்குள்ள இந்தப் பருவத்து வெத்தலையை மாயக்கா வித்துக் காட்டணும். வித்துட்டா கொடிக்கால் அவ பாடு. விக்க முடியலேன்னா வெள்ளைத்துரை எடுத்துப் பாக்கட்டும். ரெண்டு பேருக்கும் சம்மதந்தானே?”

மாயக்காள் தலையை ஆட்டினாள். வெள்ளைத்துரை அவளைவிட வேகமாக ஆட்டினார்.

சோணைமுத்து இஞ்சினைப் பிரித்துப் போட்ட அன்று வெள்ளைத்துரை கடையை விட்டுவிட்டுத் தொழுவத்துக்கே வந்துவிட்டார்.

“என்னப்பா சோணைமுத்து, சீக்கு என்ன?”

“சிலிண்டர்ணே. பிஸ்டன் ஏறி எறங்குற ஓட்டை இருக்குல்ல, அதோட உள்சொவரு. கண்ணாடி மாதிரி இருக்கணும். பிஸ்டனைக் கோத்திருக்கிற பின்னு ஒண்ணு நழுவி வெளிய வந்து சொவத்தைக் கீறிருச்சு. வெரலை விட்டுப் பாருங்க.”

வெள்ளைத்துரை விரலை விட்டு நகத்தால் தடவினார். மேலிருந்து கீழ்வரை ஒரு பள்ளம். நகம் மாட்டிக்கொண்டது.

“நல்லா ஆழ உழுதிருக்கேப்பா. என்ன வெதைக்கப் போறீக?”

“கொழுந்தனாரே, போதும், வெரலை எடுங்க. உங்க மோதிரம் வேற கீறிரப் போகுது” என்றாள் மாயக்காள்.

சோணைமுத்துவுக்கு நம்பிக்கை அதிகம். எமரித் தாளை வைத்துத் தேய்த்தால் கீறல் போய்விடும் என்றான். கை உள்ளே போகவில்லை. மாயக்காள் வீட்டு உலக்கையில் எமரித் தாளைச் சுற்றி, சிலிண்டருக்குள் விட்டு, காலையிலிருந்து மத்தியானம் வரை மத்தால் தயிர் கடைவதுபோல் கடைந்தான். கீறல் போய்விட்டது. அதோடு வட்டமும் போய்விட்டது.

“என்ன மாப்ள இது, கோழிமுட்டை மாதிரி இருக்கு?” என்றார் வெள்ளைத்துரை. சந்தோஷத்தில் சோணைமுத்துவுக்கு உறவுமுறையே மாறிப்போயிருந்தது.

“லேசா ஒரு பக்கம் கூடிப்போச்சுண்ணே. மதுரைக்குக் கொண்டுபோயி லேத்துப் பட்டறையில குடைஞ்சு வட்டமாக்கணும். அப்புறம் அந்த ஓட்டைக்குத் தக்கன பெரிய பிஸ்டனா வாங்கிப் போடணும்.”

“கொண்டு போக வண்டி?”

சோணைமுத்து மாயக்காளைப் பார்த்தான். ஊரில் எந்த வண்டியும் வராது. வராமல் செய்தவரே எதிரில் நிற்கிறார்.

அப்போதுதான் வெள்ளைத்துரைக்கு அந்த அற்புதமான யோசனை உதித்தது. இஞ்சின் தொழுவத்திலேயே கிடந்தால் யாருக்குத் தெரியும்? அதை மாட்டு வண்டியில் ஏற்றி ஊர் பார்க்க அனுப்பினால் எப்படி இருக்கும்! மோட்டாரை மாடு இழுத்துக்கொண்டு போகிறது என்று ஊரே சிரிக்கும். கொழுந்தன் உதவி செய்யவில்லை என்று நாளைக்கு முத்திருளனும் சொல்ல முடியாது.

“என் வண்டி இருக்கே மதினி! நம்ம ஆண்டிச்சாமி ஓட்டிட்டுப் போவான். வாடகை கீடகைன்னு பேசாதீக. நான் என்ன அந்நியமா?”

மாயக்காள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்களுக்குப் பெரிய மனசு கொழுந்தனாரே. இரும்பு குலுங்கக் கூடாதாம். கொஞ்சம் வைக்கோல் மெத்தை போட்டா…”

“என் வைக்கோல் படப்புல உருவிக்கச் சொல்லுங்க!”

ஆண்டிச்சாமி நல்ல வண்டிக்காரன். சொன்னதைச் செய்வான், கேட்டால் ஒழிய வாயைத் திறக்க மாட்டான். வெள்ளைத்துரைக்கு அவனிடம் பிடித்ததே அதுதான். “டேய், குறுக்கு வழியில போகாத. கடைத்தெரு வழியாப் போ. மெதுவாப் போ” என்று சொல்லி அனுப்பினார். வண்டி கடைத்தெருவில் போனபோது டீக்கடையில் எழுந்த சிரிப்பு வெள்ளைத்துரை கடை வரைக்கும் கேட்டது.

வண்டி திரும்பியதும் அவரே முதல் ஆளாக ஓடினார்.

“வட்டமாயிருச்சா மாப்ள?”

“வட்டமெல்லாம் அருமையான வட்டம்ணே.” சோணைமுத்து முகம் செத்துப்போய் இருந்தது. “அக்கா பட்டறைக்காரருக்கு வெத்தலை குடுத்து விட்டாக. நம்ம ஊரு வழக்கப்படி கவுளிக் கட்டுக்கு மேல ஒரு கை கொசுறும் வச்சுக் குடுத்தாக.”

“அது மொறதானே? கொசுறு இல்லாம வெத்தலை குடுத்தா வெளங்குமா?”

“அதாண்ணே வினை. அவரும் நம்ம பக்கத்து ஆளு. ‘அம்மா கொசுறு குடுத்திருக்காக, நாம குடுக்காட்டி நல்லாருக்காது’ன்னுட்டு, ஒவ்வொரு சிலிண்டரையும் குடைய வேண்டிய அளவு குடைஞ்சுட்டு, மேற்கொண்டு ஒரு சுத்துக் கொசுறாக் குடைஞ்சுட்டாரு.”

சோணைமுத்து புதுப் பிஸ்டனை எடுத்துத் துளையில் வைத்தான். பல்லுப்போன வாயில் போட்ட பாக்கு மாதிரி அது ‘லொடக்’ என்று உள்ளே விழுந்து இங்கும் அங்கும் உருண்டது.

வெள்ளைத்துரை தொழுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துப் புரையேறி, மாயக்காள்தான் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

“இதுக்கு மேல பெரிய பிஸ்டன் கிடையாதா?”

“கிடையாதுண்ணே. இன்னும் பெருசாக் குடைஞ்சு, உள்ள இரும்புக் குழாயை இறுக்கமா அடிச்சு எறக்கணும். லைனர்னு பேரு. சொவத்துக்குள்ள ஒரு சொவரு.”

“வீட்டுக்குள்ள வீடா? சரிதான். குடித்தனம் வெளங்கும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆண்டிச்சாமி! வண்டியப் பூட்டுறா!”

அதற்குப் பிறகு வண்டிக்கு ஓய்வில்லை. லைனர் போட்டு வந்தது. போட்டுப் பார்த்தால் ஒன்று சாய்ந்துவிட்டது என்றான் சோணைமுத்து. திரும்பப் போனது. நேராக்கி வந்ததும், அடித்த அடியில் சுவர் விரிசல் விட்டுத் தண்ணீர் கசிகிறது என்றான். திரும்பப் போனது. கசிவை அடைத்து வந்தால், லைனரே சூட்டில் கீழே இறங்கிவிடுகிறதாம்.

“வேட்டி மாதிரியா?” என்றார் வெள்ளைத்துரை.

“ஆமாண்ணே. பெல்ட்டுப் போடாத வேட்டி.”

“கொண்டு போ மாப்ள, கொண்டு போ. இறுக்கிக் கட்டச் சொல்லு.”

ஒவ்வொரு தடவையும் வண்டியில் வைக்கோல் கூடிக்கொண்டே போனது. லைனர் போட்ட இஞ்சின் பச்சைப் பிள்ளை மாதிரி, அதிர்ச்சியே கூடாது என்றான் சோணைமுத்து. ஆளுயரத்துக்கு வைக்கோல், அதன் உச்சியில் சாமி புறப்பாடு மாதிரி இஞ்சின். அந்த இஞ்சினுக்கு மதுரைப் பாதை மனப்பாடமே ஆகியிருக்கும். ஒரு நாள் வைக்கோலில் மாயக்காள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பதை வெள்ளைத்துரை பார்த்தார்.

“ஏன் மாப்ள, இரும்புல ஈரம் பட்டாத் துருப்பிடிக்காதா?”

“வெயில்ல இரும்பு விரியும்ணே. விரிஞ்சா லைனர் கழண்டுக்கிடும். ஈர வைக்கோல்ல வச்சா அடங்கிக் கெடக்கும்.”

“அதானே!” என்றார் வெள்ளைத்துரை. இத்தனை நாளில் அவருக்கும் இஞ்சின் பற்றி நாலு விஷயம் பிடிபட்டிருந்தது. அன்று சாயங்காலம் கடைக்கு வந்தவர்களிடம், இரும்பு எப்படி விரியும், ஈரத்தில் எப்படி அடங்கும் என்று அவரே விளக்கிச் சொன்னார்.

வீட்டில் அவர் பெண்சாதி சின்னத்தாய் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “இந்தாங்க, உங்க மதினி கொடிக்கால்ல ஆளுக எறங்கி வெத்தலை கிள்ளுறாகளாம்.”

“கிள்ளட்டும்.”

“இம்புட்டு ஆளு விட்டுக் கிள்ளி என்ன செய்வாக?”

“மாட்டுக்குப் போடுவாக. இல்லாட்டி அந்த மோட்டாருக்குப் போடுவாக. ஊர்ல ஒரு வண்டி அவளுக்கு ஏத்தாதுடி. நீ ரசத்தை ஊத்து.”

சின்னத்தாய் ரசத்தை ஊற்றினாள்.

ஆனி முடிகிற சமயம் கார் தொழுவத்தில் முன்பக்கம் திறந்தபடி நிற்க, இஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வெள்ளைத்துரை தினமும் காலையில் அந்தக் கோழியைப் பார்த்துவிட்டுத்தான் கடையைத் திறந்தார். கொடிக்கால் கைக்கு வந்ததும் முதலில் எந்தப் பக்கம் வேலியை மாற்றுவது என்றுகூட முடிவு செய்துவிட்டார்.

ஆடி முதல் நாள் காலை சாவடியில் கூட்டம். முத்திருளன் நடுவில் உட்கார்ந்தார். மாயக்காள் ஓரமாக நின்றாள். சோணைமுத்து தூணுக்குப் பின்னால் நின்றான். வெள்ளைத்துரை புதுத் துண்டு போட்டு வந்திருந்தார்.

“பெரியவரே, நான் ஒண்ணும் அதிகம் பேசல. மோட்டார் வாங்கினாக. அது ஓடல. ஓட வைக்க என்னென்னமோ செஞ்சாக. நானும் ஆனமட்டும் ஒத்தாசை பண்ணேன், ஊருக்கே தெரியும். என் வண்டி, என் மாடு, என் வைக்கோலு. விதி, என்ன பண்றது? மதினிக்குக் கஞ்சிக்குக் குறை வைக்க மாட்டேன். கொடிக்காலை எங்கிட்ட ஒப்படைக்கச் சொல்லுங்க.”

கூட்டத்தில் சிலருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. வெள்ளைத்துரைக்கும்தான்.

முத்திருளன் திரும்பினார். “என்ன மாயக்கா, இந்தப் பருவத்து வெத்தலை என்னாச்சு?”

“வித்துருச்சு மாமா. கொடியில ஒரு முத்தின இலை பாக்கி இல்ல. மதுரையில கடை பேரு சொல்றேன், ஆளு விட்டு விசாரிச்சுக்கங்க.”

சாவடியில் எல்லாத் தலையும் மாயக்காள் பக்கம் திரும்பியது. பிறகு வெள்ளைத்துரை வாய்விட்டுச் சிரித்தார்.

“வித்துருச்சா? எதுல போச்சு மதினி? இறக்கை கட்டிப் பறந்து போச்சா? உங்க மோட்டாருல கோழில்ல குடியிருக்கு!” கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு தந்த தெம்பில் அவர் சாவடிக்கு வெளியே மாட்டைத் தடவிக்கொண்டு நின்ற ஆளைக் கைகாட்டினார். “நான் சொன்னா பகையில சொல்றேம்பாக. டேய் ஆண்டிச்சாமி, இங்க வா! எல்லாத் தடவையும் கூடப் போனவன் நீதான். பயப்படாம சபையில சொல்லு. அந்த இஞ்சினு ஒரு தடவையாச்சும் சரியாச்சா, இல்லையா?”

ஆண்டிச்சாமி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

“அது மொதத் தடவை லைனர் போட்டப்பவே சரியாப்போச்சுங்கய்யா. அப்புறம் போனதெல்லாம் வைக்கோலுக்கு அடியில வெத்தலைக் கூடை. நீங்களே வண்டியும் மாடும் வைக்கோலும் ஓசியா அனுப்புறப்ப பெட்ரோலை எதுக்கு எரிக்கணும்னு, அம்மாதான் இஞ்சினைச் சும்மா மேலாக்க வச்சே கொண்டு போகச் சொன்னாக.”

வெள்ளைத்துரை துண்டை எடுத்து உதறினார். தோளில் போட்டார். முத்திருளனைப் பார்க்கவில்லை, மதினியைப் பார்க்கவில்லை. படியிறங்கி, பூட்டி நின்ற தம் வண்டியையும் தாண்டி, வெயிலில் நடந்து போனார்.