மாப்பிள்ளைக்குத் தெரியாத அருந்ததி

அரைகுறையாகப் படித்தவனை வேறு எங்கே வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம். மணவறையில் மட்டும் உட்கார வைக்கக் கூடாது. சுதந்திரம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த ஒரு வைகாசியில், சங்கரன்கோவிலில் பெண் வீட்டுப் பந்தலில் என்னை உட்கார வைத்தார்கள். பாளையங்கோட்டையில் அப்போதுதான் பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். தலைக்கனம் தாங்காமல் தலைப்பாகை நழுவிக்கொண்டே இருந்தது.

தாலி கட்டியாயிற்று. கோமதியின் பாதத்தைப் பிடித்து அம்மிமேல் வைத்தேன். அதுவரை எல்லாம் ஒழுங்குதான். ஐயர் பந்தல் துணியை நோக்கிக் கையை நீட்டி, "அருந்ததி தெரியறதா, பாருங்கோ" என்றார். "தெரியுது" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போவதுதான் ஊர் வழக்கம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

"எப்படிச் சாமி தெரியும்? நட்சத்திர வெளிச்சத்துக்கு நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏற வெளிச்சம் கொறையும். நல்ல இருட்டுலயே ஆறுக்கு மேல கண்ணுக்குத் தெரியாது. அருந்ததி நாலு. பகல்ல எங்க தெரியும்? போதாததுக்கு, வைகாசி மாசம் இந்நேரத்துக்கு அது வானத்துலயே கெடையாது. நம்ம காலுக்குக் கீழல்லா இருக்கு."

கோமதியின் தாய்மாமன் குனிந்து பார்த்தார். "காலுக்குக் கீழ அம்மில்லா இருக்கு மாப்ளே" என்றார் பணிவாக.

பந்தலே சிரித்தது. என் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. "இல்லாததப் பாத்தேன்னு எம் மக எப்படிச் சொல்லுவா? பாக்காம எப்படி வண்டி ஏறுவா?" என்று கண் கலங்கினார். இதெல்லாம் சம்பிரதாயத்துக்குத்தான் என்று ஐயர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "பொழுது அடையட்டும், மொட்டை மாடியில வச்சு நானே காட்டுதேன்" என்று சவடாலாகச் சொல்லிவிட்டேன். மதியமே எங்கள் ஊரான பனவடலிசத்திரத்துக்குக் கிளம்ப வேண்டிய வில்வண்டிகளின் மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். அப்பா என்னை முறைத்த முறைப்புக்கு நம்பர் போட்டால் சைபருக்கும் கீழே போயிருக்கும்.

இருட்டியதும் மாடி கொள்ளாத கூட்டம். (முகூர்த்தத்துக்குக்கூட அவ்வளவு பேர் வரவில்லை.) பெட்ரோமாக்ஸை அணைக்கச் சொன்னேன். வடக்கே சப்தரிஷி மண்டலம் ஏழும் ஈரக் கையால் தேய்த்த கோலம் மாதிரி மங்கலாகத் தெரிந்தன. (எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று பிறந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.) வாலில் நடுவில் இருப்பது வசிஷ்டர், நம்பர் இரண்டு. அவரை ஒட்டி அருந்ததி. புத்தகத்தில் இருந்தாள், வானத்தில் காணோம். கண்ணை இடுக்கினேன், எக்கிப் பார்த்தேன். பட்டுச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"எங்கன மாப்ளே?" என்றார் தாய்மாமன்.

"இங்கனதான்... இருக்கணும்."

அப்போதுதான் கோமதி முதன்முதலாக என்னிடம் பேசினாள். "பக்கத்துலயே பொடிசா ஒண்ணு இருக்குல்லா? ஒங்களுக்குத் தெரியலையா?"

"அந்தா இருக்கு" என்றது ஒரு குரல். மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது, என்னைத் தவிர.

தாய்மாமன் அப்பாவிடம் திரும்பினார். "கண்ணு தெரியாத மாப்பிள்ளைன்னு ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணாச்சி." அப்பாவுக்கே அப்போதுதான் தெரியும். மாமியார் மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கட்டிய தாலியின் மஞ்சள்கூடக் காயவில்லை, அதற்குள் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து போனேன்.

கோமதி மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். "அருந்ததிய நாந்தான பாக்கணும்? பாத்தாச்சு. வண்டியப் பூட்டச் சொல்லுங்க மாமா" என்றாள் என் அப்பாவிடம். மாடிப்படி இருட்டாக இருந்தது. என் பக்கம் கையை நீட்டி, "பாத்து எறங்குங்க" என்றாள். கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே திருநெல்வேலியில் கண்ணாடி வாங்கினேன். அன்று ராத்திரி வசிஷ்டருக்குப் பக்கத்தில் அருந்ததி துல்லியமாக நின்றாள். கோமதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நம்பர் நாலுதானே?" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் அம்மி மிதித்ததும், பெண்ணையும் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டு எல்லாரும் என் பக்கம் திரும்புகிறார்கள். "ஒங்களுக்குத் தெரியுதா?" என்று கோமதிதான் கேட்பாள். நான் பட்டப்பகலில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பந்தல் துணியை அண்ணாந்து பார்த்து, "நல்லாத் தெரியுது" என்கிறேன். அதற்குப் பிறகுதான் இலை போடுகிறார்கள்.