கொளஞ்சி செத்த தேதி

"செத்தது எங்க?"

"சைகோன்லங்க."

"அது எந்த வார்டு?"

வெற்றிவேல் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். இறப்புச் சான்றிதழுக்காக நகராட்சியில் இது மூன்றாவது கவுண்டர்.

"வார்டு இல்லீங்க. வெளிநாடு. வியட்நாம்."

"எந்த வருஷம்?"

"நாப்பது."

"ரெண்டாயிரத்து நாப்பது இன்னும் வரலியே சார்."

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பது."

கவுண்டரில் இருந்த பெண் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "இவ்ளோ லேட்டா வந்ததுக்குக் காரணம் எழுதிக் குடுக்கணும் சார்."

எழுதித்தான் கொடுப்போமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, வெற்றிவேல் வெளியே வந்து ஸ்கூட்டியை உதைத்தார். அதுவும் நாலாவது உதைக்குத்தான் கிளம்பியது. ஓய்வு பெற இன்னும் ஆறு மாதம். முட்டிவலி இப்போதே ஓய்வு கேட்டது.

எல்லாம் அப்பா கிருஷ்ணசாமி ஒரு நாள் காலையில் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னதில் ஆரம்பித்தது.

"சித்தப்பா வாசல்ல நிக்கிறாருடா. பசிக்குதுங்கிறாரு."

கிருஷ்ணசாமிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. அவர் சொன்ன சித்தப்பா கொளஞ்சி, மாமன் மகளோடு கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சைகோனுக்குக் கப்பல் ஏறியவர். ஐந்து வயதுக் கிருஷ்ணசாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு கப்பலுக்குப் படகு ஏறும் கடல் பாலம் வரைக்கும் போய், அங்கே இறக்கிவிட்டுவிட்டுப் போனாராம். இரண்டு வருஷம் கழித்து ஒரு கார்டு வந்தது. 'தங்கள் மகன் கொளஞ்சி விஷக்காய்ச்சலில் காலமானார். யாரும் தேடி வர வேண்டாம். இப்படிக்கு, நண்பன்.' தேதி இருந்த மூலையைச் செல் அரித்திருந்தது.

"இருபத்திரண்டு வயசுடா. பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல. நானும் போய்ட்டா அவரு பேரைச் சொல்ல ஆளு ஏது? செத்த நாளைப் பாத்து ஒரே ஒரு தடவை இலை போட்டுடு."

"தேதி தெரியலன்னா ஆடி அமாவாசையில போட்டுடலாம் நைனா" என்றார் வெற்றிவேல். அப்படியே செய்தார்கள். அவர் மனைவி நிர்மலா விடியற்காலையிலேயே எழுந்து, அமாவாசை என்றும் பாராமல், கொளஞ்சிக்குப் பிடிக்கும் என்று வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கி வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டே சமைத்தாள்.

மறுநாள் கிருஷ்ணசாமி சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். "வந்தாரு. எட்டிப் பாத்தாரு. 'இது எனக்குப் போட்டது இல்லடா'ன்னு போய்ட்டாரு."

"மீன் கொழம்பு சரியில்லன்னாரா மாமா?" நிர்மலாவின் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"கொழம்பைப் பத்தி ஒண்ணும் சொல்லல. தேதிதாம்மா."

அதற்குப் பிறகுதான் கவுண்டர்கள். கவுண்டர்களுக்குப் பிறகு ஜெர்லின்.

ஜெர்லின் எதிர்வீட்டுப் பெண். பிள்ளைகளுக்கு பிரெஞ்சு டியூஷன் எடுப்பவள். பிரான்சில் இருக்கும் பழைய காலனி ஆவணக் காப்பகம் ஒன்றுக்கு அழகாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது.

"அங்கிள், முப்பத்தொம்பது, நாப்பது, நாப்பத்தொண்ணு, மூணு வருஷமும் தேடிட்டாங்களாம். கொளஞ்சின்னு யாரும் சைகோன்ல சாகலையாம்."

இதை அப்பாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். வெற்றிவேல் சொல்லிவிட்டார்.

"செத்ததைக்கூட எவனும் எழுதி வைக்கலியா?" என்று கேட்ட கிருஷ்ணசாமி, அன்றைக்கு மதியம் தட்டைத் தள்ளி வைத்தார். "அவரு பட்டினியா நிக்கிறப்ப எனக்கு என்னாத்துக்குச் சோறு?"

நாலு நாள் வெறும் கஞ்சித் தண்ணீர். கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதில், டாக்டர் நாடி பார்த்துவிட்டு வெற்றிவேலைத் தனியாக அழைத்தார். "வியாதி ஒண்ணும் இல்ல. சாப்பிட வைங்க. இந்த வயசுல இப்படியே விட்டா தாங்காது."

வெற்றிவேல் ஆட்டோவில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கை குச்சி போல இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நேராக ஜெர்லின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வேற வழி இருக்காம்மா?"

"ஃபேஸ்புக்ல பாண்டிச்சேரி–சைகோன் குடும்பங்களுக்குன்னு ஒரு குரூப் இருக்கு அங்கிள். என் பேர்லயே போட்டுடறேன். உங்க நம்பரைக் குடுக்கறேன்."

'முத்தியால்பேட்டை கொளஞ்சி, 1938இல் சைகோன் சென்றவர். இறந்த தேதி தேவை' என்று பிரெஞ்சிலும் தமிழிலும் போட்டாள்.

அன்று முதல் போன் ஓயவில்லை. காரைக்காலிலிருந்து இரண்டு கொளஞ்சி, ரெயூனியன் தீவிலிருந்து ஒரு கொளஞ்சி. வில்லியனூரிலிருந்து பேசிய கொளஞ்சி உயிரோடு இருந்தார்.

"எவண்டா அது, நான் சாவுற தேதியைக் கேக்குறது?"

"உங்களை இல்லீங்க..."

"எம் பேரைப் போட்டிருக்கியே! எம் மருமவ படிச்சிட்டு இனிப்பு வாங்கியாந்து வச்சிருக்கா!"

சொந்தக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கொரு தேதியோடு வந்தார்கள். களைத்துப்போன வெற்றிவேல் ஒரு சாயங்காலம் பொய் சொல்லத் துணிந்தார்.

"தேதி கெடச்சிடுச்சு நைனா. மார்கழி ஏழு."

"யாரு சொன்னா?"

"பிரான்ஸ்லேருந்து காயிதம் வந்திருக்கு."

"காட்டு."

வெற்றிவேல் சட்டைப்பையில் கையை விட்டார். கரண்ட் பில்தான் இருந்தது. கிருஷ்ணசாமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் கஞ்சித் தண்ணீரும் வேண்டாம் என்றார்.

அன்று மதியம் ஜெர்லின் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள்.

"அங்கிள்! பிரான்ஸ்ல லியோன்லேருந்து ஒரு அம்மா. 'முத்தியால்பேட்டை கொளஞ்சியைப் பற்றி எனக்குத் தெரியும். அடுத்த வாரம் புதுச்சேரி வருகிறேன். எனக்கும் சில தேதிகள் வேண்டும். நேரில் பேசலாம்.' அவ்ளோதான் எழுதியிருக்காங்க."

கிருஷ்ணசாமி சுவரிலிருந்து திரும்பினார். "நிர்மலா, இட்லி இருக்கா?"

அந்த அம்மா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். மாநிறம், சின்னக் கண்கள், கசங்காத பருத்திச் சட்டை. ஜெர்லின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். நிர்மலா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். வெற்றிவேலுக்குப் பல மாதங்களுக்குப் பிறகு மூச்சு இலகுவாக வந்தது. தேதி வீடு தேடி வந்துவிட்டது. இனி ஒரு இலை, ஒரு கும்பிடு, அப்புறம் முட்டிக்குத் தைலம்.

"இவருதாங்க எங்க நைனா" என்றார். "கிருஷ்ணசாமி. கொளஞ்சியோட அண்ணன் மகன்."

ஜெர்லின் மொழிபெயர்த்தாள். அந்த அம்மா பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து, பெயர்ப்பட்டியல் ஒன்றின்மீது விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. கட்டிலில் உட்கார்ந்திருந்த கிழவரைப் பார்த்தாள். மறுபடி நோட்டைப் பார்த்தாள். முகம் வெளுத்து, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"வெயிலு ஒத்துக்கல போலிருக்கு. தண்ணி குடு" என்றார் வெற்றிவேல்.

அந்த அம்மா தண்ணீரைத் தொடவில்லை. அழுதுகொண்டே பிரெஞ்சில் கடகடவென்று பேசினாள். கேட்கக் கேட்க ஜெர்லின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா சொல்றாங்க?"

ஜெர்லின் நோட்டை வாங்கி, விரல் நின்ற பெயரைத் தானும் ஒரு தடவை படித்தாள்.

"தேதியைக் கேளு முதல்ல!" கிருஷ்ணசாமி பொறுமையிழந்து கட்டிலைத் தட்டினார்.

"தாத்தா, இவங்க உங்க சித்தப்பாவோட பேத்தி" என்றாள் ஜெர்லின். "ஊர்ல குடும்பம் மொத்தமும் காலராவுல போய்ட்டதா சொல்லித்தான் அவரு அங்க கல்யாணமே பண்ணிக்கிட்டாராம், எண்பது வருஷமா உங்களுக்கெல்லாம் சோறு படைச்சிட்டிருக்காங்களாம், நீங்க எந்தத் தேதியில செத்தீங்கன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்திருக்காங்க!"