பேர் தெரியாதவர்கள் எல்லாம் அத்தையிடம்

குற்றாலம்,
வெள்ளிக்கிழமை.

உலகம்மன் துணை.

மஸ்கட்டில் குடும்பத்தோடு சுகமாக வாழும் ஆவுடைநாயகம் அத்தான் அவர்களுக்கு, தங்கள் தங்கை அபர்ணாவின் கணவன் செந்தில்வேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் அருவியில் தண்ணீருக்குக் குறைவில்லை, லாட்ஜில்தான் ஆள் குறைவு. போனில் சொன்னால் தாங்கள் சிரிப்பீர்கள். மெயில் அனுப்பலாமென்றால், அதுவும் தாங்கள் வைத்த அந்த சர்வர் மெஷின் வழியாகத்தான் போகுமோ என்று பயம். ஆகவே கூரியரில் எழுதுகிறேன்.

போன லீவில் வந்தபோது தாங்கள் இன்டர்நெட்டில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, நம்ம லாட்ஜ், புளியங்குடி காமராஜ் அண்ணாச்சியின் எலுமிச்சை கமிஷன் கடை, தங்கள் தாயார், மறைந்த அத்தையின் நினைவுப் பக்கம், மூன்றையும் அதிலேயே ஏற்றி வைத்தீர்கள். "மாப்பிள்ளை, கதவு நம்பர் ஒண்ணுதான். வாறவன் எந்தப் பேரைச் சொல்லுதானோ அந்த அறைக்கு அது அனுப்பிரும்" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். அத்தை பக்கத்தில் பெரிய போட்டோ போட்டு, எங்கே தொட்டாலும் அவர்கள் குரல் கேட்கும்படி செய்திருந்தீர்கள். வாசலில் நின்று கேட்பார்களே, "யாருய்யா வந்திருக்கது? வெளிய நிக்காம உள்ள வாங்க"ன்னு, அதே குரல்.

சாரல் ஆரம்பிச்ச வாரம் நீங்க அங்கனயிருந்து ஏதோ அப்டேட் போட்டியளாம். மறுநாள் காலையில நான் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, ரூம் எத்தனை புக் ஆயிருக்குன்னு லாட்ஜ் பேரைத் தட்டுனா, அத்தை வந்து நிக்காவ. சிரிக்காவ. கை பட்டுச்சு, "யாருய்யா வந்திருக்கது?"ங்காவ. நான் எந்திரிச்சு வேட்டியை இறக்கி விட்டுட்டுத்தான் அத்தான் யோசிச்சேன், அத்தை போயி வருஷம் ஆச்சேன்னு. அதுக்குள்ள காமராஜ் அண்ணாச்சி போன்ல, "ஏலே, எலுமிச்சை விலை பாக்கப் போனா உங்க மாமியார் என்னைய உள்ள கூப்பிடுதாவ, எங்க கூப்பிடுதாவன்னு தெரியலியே"ன்னு நடுங்குதாரு. சனங்க அதைவிட மோசம். அஞ்சலி எழுதுற பெட்டியை புக்கிங்னு நெனச்சு, "ரெண்டு பெரியவங்க, ஒரு குழந்தை, வெந்நீர் கட்டாயம்"னு எழுதியிருக்காவ. அதுக்கு நீங்க வச்ச பதில் தானா போயிருக்கு: "தங்கள் வருகைக்கு நன்றி. அம்மா எங்களோடுதான் இருக்கிறார்." கோவில்பட்டிலேருந்து வந்த ஒரு குடும்பம் ரிசப்ஷன்ல நின்னு, "அந்த அம்மா எந்த ரூம்ல இருக்காங்க?"ன்னு மெதுவா கேக்குது. அப்புறம் எங்க ரூம் எடுக்க?

தென்காசியில நிலோபர்னு ஒரு இன்ஜினியர் பொண்ணு, வீட்டுலேருந்தே இந்த வேலை பாக்குதா. அவளைப் புடிச்சேன். பாத்துட்டு, "சார், லாட்ஜ் பேரும் கடைப் பேரும் அழிஞ்சு போச்சு. பேர் தெரியாம யாரு வந்தாலும் சர்வர் வரிசையில முதல்ல இருக்கிற பக்கத்துக்கு அனுப்பிரும். அந்தப் பக்கத்துக்கு 'அம்மா'ன்னு பேர், இங்கிலீஷ்ல முதல் எழுத்து 'ஏ' இல்லையா, அதான் அவங்க முதல்ல நிக்காங்க"ன்னா. லாட்ஜையும் கடையையும் அன்னைக்கே சரி பண்ணிட்டா.

அதோட முடிஞ்சிருந்தா நான் இந்தக் கடிதமே எழுத மாட்டேன். போன திங்கக்கிழமை அஞ்சலிப் பெட்டியில ஒண்ணு வந்துச்சு. "அம்மா, நான் ஜெஸ்வின். உயிரோடதான் இருக்கேன். கடை போன் போகல. போட்டோவில யாரோ இருக்காங்க, ஆனா குரல் உங்களோடதுதான். வீட்டுக்கு வரலாமா?"

உடனே போனைப் போட்டேன். நிலோபர் தேடிப் பாத்தா, நம்ம சர்வர் நம்பர்ல நமக்கு முன்னாடி வள்ளியூர்ல உள்ள ஒரு பேக்கரியோட பக்கம் இருந்திருக்கு. கடையை மூடிட்டாவ, பேர் மட்டும் இன்னும் இங்கனயே கை காட்டுது. அப்பாகிட்ட சண்டை போட்டு ஓடிப்போன பையன் அந்தப் பேரைத் தட்டி நம்ம அத்தைகிட்ட வந்திருக்கான். நான் அதை அழிக்கச் சொல்லப் போனா, உங்க தங்கச்சி அதுக்கு முந்தி பதில் போட்டுட்டா: "வாய்யா. குற்றாலத்துல இருக்கேன்." லாட்ஜ் விலாசமும் கொடுத்திருக்கா. "ஏட்டி, செத்தவங்க பேர்ல எழுதலாமா?"ன்னேன். "யாரு வந்திருக்கதுன்னு எங்கம்மா கேட்டா, அவன் பதில் சொல்லுதான். வெளிய நிறுத்தச் சொல்லுதேளா?"ன்னு அழுதா. தெனமும் மத்தியானம் அவ இல்லாத பேரா தட்டித் தட்டி அந்தக் குரலைக் கேட்டுட்டு இருந்திருக்கான்னு அப்பத்தான் எனக்குத் தெரியும்.

அந்தப் பேக்கரிக்காரரு தவறிட்டாராம். பையனோட அம்மா இருக்காவ. அவங்க பக்கத்து வீட்டு நம்பர் கிடைச்சு, அபர்ணா ஸ்பீக்கர்ல போட்டா. "யாரு பேசுதது?"ன்னு கேட்டாவ பாருங்க, அத்தான், அதே குரல். அபர்ணா போனைக் கீழ போட்டுட்டா. நான் வேட்டியை இறக்கி விட்டுட்டேன்.

அம்மாவும் மகனும் இன்னைக்கு இங்க வாறாவ. வரட்டும், புண்ணியம். ஆனா இதோட போதும். பேர் தெரியாம வாறவங்களை அத்தைகிட்ட அனுப்பாம, "இங்கே எதுவும் இல்லை"ன்னு ஒரு வெள்ளைப் பக்கம் காட்டலாமாம். அத்தை பக்கத்தைத் தொடணும்னா மூத்த மகன் உங்க சம்மதம் வேணும்னு நிலோபர் சொல்லுதா. தயவுசெய்து உடனே சம்மதம் தரவும்.

மதினிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லாருக்கும் நீண்ட ஆயுளை அம்மன் அருளட்டும்.

இப்படிக்கு,
செந்தில்வேல்

பின்குறிப்பு: வெள்ளைப் பக்கம் வேண்டாம். எதையும் தொட வேண்டாம். ரெண்டு பேரும் வந்துட்டாவ. அந்த அம்மா மகனோட தாடியைத் தடவிக்கிட்டே இருக்காவ. சாப்பிட உக்காந்தப்ப ஜெஸ்வின், "ரெண்டாவது மெசேஜ் பாத்துட்டு வெறும் வயித்தோடதான் வந்தேன்"னு போனை நீட்டுனான். "சாப்பிட்டுட்டு வராதே, சொதி வச்சிருக்கேன்"னு காலையில நம்ம அஞ்சலிப் பெட்டியிலேருந்து போயிருக்கு. இலையில நம்ம கல்யாண வீட்டுத் தேங்காப்பால் சொதிதான் இருந்துச்சு. விசேஷம் இல்லாத நாள்ல எதுக்குச் சொதின்னு கேட்டா, "தோணுச்சு"ங்கா உங்க தங்கச்சி. மெசேஜை அவ எழுதலியாம், சத்தியம் பண்ணுதா. அந்தப் பெட்டிக்குச் சாவி அவளை விட்டா உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. நீங்க எழுதியிருந்தா உடனே போன் பண்ணுங்க அத்தான். நீங்க எழுதலன்னா, பண்ணவே வேண்டாம்.