அமைதியை விற்கப் போன கதை

வாய் பேசித்தான் மனிதன் கெடுவான் என்பார்கள். நான் கெட்டது மட்டுமல்ல, ஒரு மலையையே விற்கவிடாமல் கெடுத்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. நுவரெலியாவில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் முதலாளி, வலப்பனைப் பக்கம் தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் காணி வாங்கி இரண்டு மரக்குடில்கள் கட்டியிருந்தார். சுற்றுலாக்காரர்கள் குவிவார்கள், பிறகு நல்ல விலைக்கு விற்கலாம் என்பது திட்டம். என்னை 'மேனேஜர்' ஆக்கினார். (எனக்குக் கீழே வேலை செய்ய ஒரு ஈ கூடக் கிடையாது.)

இரண்டு மாதம் ஒருவரும் வரவில்லை. மழை, பனி, அட்டை, நான். போனுக்கு சிக்னல் இல்லை. முதல் வாரம் பாட்டுப் பாடினேன். ஐந்தாவது வாரம் கேஸ் சிலிண்டருக்குக் காலை வணக்கம் சொன்னேன். அது பதில் சொல்லாததில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

ஒரு நாள் முதலாளி வேனில் வந்து இறங்கினார். "தம்பி, நாளைக்கி கொழும்பிலருந்து ஒரு சேரும் மிஸ்ஸும் வாறாங்க. ரிடயரான டீச்சர்மாரு. மூணு நாள் தங்கிப் பாத்துட்டு எடத்த வாங்கப் போறாங்க. நீ ஒண்டும் பேச வாணாம். அமைதிதான் நம்மட சாமான்."

"சரிங்க மொதலாளி" என்றேன். அதுதான் நான் அந்த வாரம் பேசிய கடைசி சுருக்கமான வாக்கியம்.

மறுநாள் வந்தார்கள்; கொழும்பில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பதி. பையை வாங்கிக்கொண்டு குடிலுக்கு நடப்பதற்குள் அட்டையின் குணம், என் கணக்குப் பரீட்சை முடிவு, சின்ன வயதில் எனக்கு வந்த பொன்னுக்குவீங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். சேர் கதிரையில் அமர்ந்து புத்தகத்தைத் திறந்தார். நான் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தேன்.

குருவி பார்க்கக் காட்டுக்குப் போனார்கள். நான் முன்னால் ஓடி, "சேர், இந்தா இப்ப கத்தும் பாருங்க!" என்று கத்தினேன்.

"அது பறந்திட்டுது தம்பி" என்றார் சேர்.

கதவைச் சாத்திக்கொண்டார்கள். சுடுதண்ணீர் வேண்டுமா என்று தட்டினேன். போர்வை போதுமா என்று தட்டினேன். மூன்றாவது முறை, "ஏதாச்சும் வேணும்னா கூப்பிடுங்க" என்று சொல்வதற்காகத் தட்டினேன்.

மறுநாள் காலை சேரைக் காணவில்லை. பதறிப்போய்த் தேடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஈரக் கல்லில் குந்தியபடி புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் ஒளிந்திருக்கிறார் என்று கூட எனக்குப் புரியவில்லை. "நல்ல எடமா பாத்து ஒக்காந்திருக்கீங்க சேர்" என்று நானும் பக்கத்தில் குந்தினேன்.

மத்தியானம் பைகள் வாசலுக்கு வந்தன. பேரம் பேச வந்திருந்த முதலாளியின் முகம் கறுத்தது. "இவன் ஏதும் கரைச்சல் குடுத்தானா?"

மிஸ் இல்லையென்று தலையாட்டினார். "பிள்ளையை ஏசாதேங்கோ. இடம் வடிவுதான். ஆனா ரெண்டு மாசம் தனிய இருந்ததுக்கே இந்தப் பிள்ளை இப்பிடி ஆகியிருக்கெண்டால், வயசுபோன நாங்கள் இஞ்ச இருந்து என்ன ஆவம்? என்ர மனிசன் இல்லாட்டி நானும் ஒரு நாள் இப்பிடிக் கதவு தட்ட ஆளைத் தேடுவன்."

அவர்களுடைய வேன் போய்விட்டது. முதலாளி திட்டுவார் என்று நின்றேன். அவர் கிட்டே வந்தார்.

"தம்பி, இங்க தனிய இரிக்க ஒனக்குக் கஷ்டமா?"

கீழே குனிந்து காலில் இல்லாத அட்டையைத் தேடினேன்.

"ஒன்ட சாமான எடு, போவம்" என்றார்.

அடுத்த நாளே அவருடைய மரக்கறிக் கடையில் நின்றேன். லீக்ஸ் வாங்க வருகிறவர்களுக்கு என் பேச்சு இலவசம். குடில்கள் இன்னும் விலைபோகவில்லை.

கல்யாணமான புதிதில் இந்தக் கதையை மனைவியிடம் சொன்னது என் இரண்டாவது தவறு. இப்போது நான் கொஞ்சம் நீட்டிப் பேசினால் போதும், எழுந்து பையை எடுத்து, "பில்லப் போடுங்க மேனேஜர், நாங்க கெளம்புறோம்" என்பாள். மகளும் ஒரு பையைத் தூக்குவாள். வீடே சிரிக்கும், நானும்தான்.

பள்ளி விடுமுறைக்கு அவர்கள் உண்மையாகவே பையெடுத்து, கினிகத்தேனையிலுள்ள மாமியார் வீட்டுக்குப் புறப்படும்போது மட்டும் அந்தப் பகிடியை யாரும் சொல்வதில்லை. பஸ் வளைவில் மறையும்வரை அதன் ஜன்னலைப் பார்த்து ஏதாவது பேசிக்கொண்டே நிற்பேன்.