ஒன்பது தட்டுகளும் ஒரு கண்டக்டரும்

நான் நேரம் தவறிக் கெட்டவன் அல்லன். நேரம் தவறாமல் கெட்டவன்.

ராணுவப் பொறியியல் பிரிவில் பன்னிரண்டு வருடம் மலையாறுகளின் மேல் பாலம் போட்டுவிட்டு, தஞ்சாவூரில் ஒரு நகரப் பேருந்து நிறுவனத்துக்கு மேலாளராக வந்தேன். முதல் வாரமே சுற்றறிக்கை: வண்டி குறித்த நிமிடத்தில் புறப்படும், யாருக்காகவும் நிற்காது. (கீழே 'மேஜர், ஓய்வு' என்று வேறு போட்டிருந்தேன். என்ன சொல்ல!)

ஏழு பெண் வீட்டார் "யோசிச்சுச் சொல்றோம்" என்று மறைந்தபின், முப்பத்தாறாவது வயதில் கோமதி வீட்டில் சம்மதித்தார்கள். வெள்ளிக்கிழமை தஞ்சாவூரில் பெண் வீட்டிலேயே நிச்சயதார்த்தம். பத்தரைக்கு ராகு காலம்; அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். மன்னார்குடிச் சாலையிலுள்ள எங்கள் ஊரிலிருந்து வர அப்பா பேசியிருந்த வேனை நான்தான் வேண்டாமென்றேன்.

"நம்ம பஸ்ஸு ஒம்பது அஞ்சுக்குக் கரெக்டா கெளம்பும்ப்பா."

நான் அலுவலகத்திலிருந்து நேராகப் பெண் வீட்டுக்குப் போய்விட்டேன். வருங்கால மாமனார் எதிரில் உட்கார்ந்திருந்தபோது கைபேசி அடித்தது. கண்டக்டர் செல்வராசு.

"சார், ஒரு குடும்பம் தாம்பாளமெல்லாம் சீட்டுல ஏத்திட்டாங்க. ஏறப்போறப்ப பூனை குறுக்க வந்துருச்சு. செத்த உக்காந்து தண்ணி குடிச்சிட்டு ஏறுறோம்ங்கிறாங்க. யாருன்னா சார்..."

"யாரா இருந்தா என்னய்யா? ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். வண்டிய எடுங்க!"

மாமனார் சொக்கிப்போனார். "மிலிட்டரின்னா மிலிட்டரிதாங்க மாப்ள." (என் நாட்குறிப்பில் '9.05, மிகச்சரி' என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன்.)

9.55. வாசலில் ஆட்டோ. காக்கிச் சட்டையும் தோள்பையுமாகச் செல்வராசு இறங்கினார். கூடவே ஒன்பது தட்டுகள். அப்பா இல்லை, அம்மா இல்லை, பங்காளிகளில் ஒருவர்கூட இல்லை.

"அதத்தான் சார் சொல்ல வந்தேன்" என்றார்.

அடுத்த பஸ் பத்து ஐந்துக்கு. அது ஒரு நிமிடம்கூட முன்னால் கிளம்பாது. (என் சுற்றறிக்கை.) முகூர்த்த நாள், ஒரு கார்கூடக் கிடைக்கவில்லை. அப்பாவை அழைத்தேன்.

"வண்டிய எடுக்கச் சொன்னது நீயாடா?"

நான் தட்டுகளை எண்ணினேன்; ஒன்பதும் சரியாக இருந்தன.

"ஒத்தப் புள்ளயப் பெத்துட்டு, அவன் நிச்சயத்தன்னிக்கு மதகுல குந்தியிருக்கேன்." வைத்துவிட்டார்.

"மாப்ள வீட்டு ஆளுங்க இல்லாம யாரு கையில தட்டக் குடுக்குறது? இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார் கோமதியின் அத்தை. இன்னொரு நாள் என்று போன இடம் எதுவும் எனக்குத் திரும்பி வந்ததில்லை. கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அது தப்பாக ஓட வேண்டுமென்று வேண்டினேன்.

10.20. உள்ளேயிருந்து கோமதியின் குரல்: "அந்தக் கண்டக்டர் அண்ணன் இருக்காருல்ல? அவரு உக்காரட்டுமே."

10.27க்கு, டிக்கெட் பையைக் கழற்றக்கூட நேரமின்றி, என் தகப்பனார் இடத்தில் அமர்ந்து செல்வராசு தட்டு மாற்றினார். வாங்கியதும் பழக்கத்தில் "ரைட்!" என்றார்.

10.50க்கு வந்த அப்பா பந்தியில் மட்டும் உட்கார்ந்தார். ஒரு வருடம் என்னோடு பேசவில்லை.

செல்வராசுக்கு எங்கள் வீட்டில் இன்றும் 'சம்பந்தி' என்றுதான் பெயர். கோமதியோ, வெளியே கிளம்பும் நேரத்தில் நான் கடிகாரத்தைப் பார்த்தால் போதும், வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள்.

"பூனை குறுக்க போச்சுங்க. தண்ணி கொண்டாங்க."

எங்கள் தெருவில் பூனையே கிடையாது. நான் சொம்போடு நிற்கிறேன்.